தானாக ஊர் சுற்றும் வரைபடம்: முதல்முறை செய்பவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டக் கோயிலில், போன திருவிழாவுக்கு முன்னால் நிர்வாகக் குழு அண்ணன் ஒருவர் கேட்டார். "தம்பி, மண்டபத்து டிவி சும்மாதானே கிடக்கு? பழைய தோட்டமெல்லாம் எங்கெங்க இருந்ததுன்னு மேப்புல ஒண்ணு ஒண்ணா காட்ட முடியுமா? யாரும் தொடக்கூடாது, தானா ஓடணும்." அரை நாள் வேலை என்று நினைத்துத் தலையாட்டினேன். மூன்று வாரக் கடைசிகள் போயின.

எல்பில், ஹீவூட், டோவன்பி, கமுனிங் என்று தோட்டங்கள், அவற்றின் டிவிஷன்கள் (தோட்டப் பிரிவுகள்), கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள் எல்லாம் சேர்த்து 28 புள்ளிகள். வரைபடம் ஒரு புள்ளிக்குப் போகும், படமும் இரண்டு வரியும் காட்டும், கொஞ்சம் நிற்கும், அடுத்ததற்குப் போகும், கடைசிக்கு அப்புறம் முதலுக்குத் திரும்பும். இவ்வளவுதான் வேலை. நான் விழுந்த பள்ளங்களில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இணையப் பக்கம் ஒன்றை ஓரளவு எழுதத் தெரிந்தால் போதும். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

1. கணினியைத் திறக்கும் முன் தாள்களைச் சேருங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளியதுதான் நான் செய்த முதல் தப்பு. தோட்டம் தனியார் நிலம். இப்போது செம்பனை போட்டிருக்கும் இடத்தில் பழைய லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்தது என்பதற்காக மோட்டார் சைக்கிளை விட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது. கேட்டில் காவலர் நிறுத்துவார். கோயில் குழுவின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, எந்த நாள், எத்தனை பேர், எந்த டிவிஷன், எதற்காக என்று போட்டுத் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் போன ஓர் அலுவலகத்தில் கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒன்பது நாள் ஆனது. கையில் நகல் இருந்ததால் தப்பித்தேன்.

அடுத்தது புகைப்படங்கள். பழைய படம் யார் வீட்டு ஆல்பத்திலிருந்து வந்ததோ அவரிடம் "மண்டபத்திலும் இணையத்திலும் போடலாம்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் பதிலும் போதும். ஆனால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யாருடைய வீட்டு முகவரியையோ கைப்பேசி எண்ணையோ வரைபடத்தில் போடாதீர்கள். "பழைய கிராணி வீடு" (கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்) என்று எழுதினால் போதும், இப்போது அங்கே குடியிருப்பவர் பெயர் எதற்கு?

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள். இடப்பெயர், அகலாங்கு, நெட்டாங்கு, படத்தின் கோப்புப் பெயர், இரண்டு வரி விளக்கம், கடைசியில் 'நேரம்' என்று ஒரு பத்தி. அந்தக் கடைசிப் பத்தி எதற்கு என்பதை ஐந்தாவது படியில் சொல்கிறேன். எக்செல்லில் தயாரித்தால், சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டிருக்கும் சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தேன். தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகப் போய்விட்டது. மூலக் கோப்பை அழிக்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

2. புள்ளிகளை நேரில் எடுங்கள்

இடத்தில் நின்று கைப்பேசி வரைபடத்தில் நீலப் புள்ளியின் மேல் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். சுங்கை சிப்புட் டவுனுக்கு ஏறத்தாழ 4.82, 101.07. தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் எடுத்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம். நான்கு எடுத்தால் பதினொரு மீட்டர். கோயிலுக்கு நான்கே போதும். செம்பனை மட்டை தலைக்கு மேல் மூடியிருந்தால் புள்ளி அங்குமிங்கும் ஓடும். வெட்டவெளிக்கு வந்து ஒரு நிமிடம் நில்லுங்கள், ஓட்டம் அடங்கிய பிறகு எண்ணைக் குறியுங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட நான் எடுத்த நிரல் தொகுப்பான லீஃப்லெட் அகலாங்கை முதலில் கேட்கும், நெட்டாங்கை அடுத்து. இடங்களைக் குறித்து வைக்கும் ஜியோஜேசன் வகைக் கோப்பு இதற்கு நேர் தலைகீழ்: நெட்டாங்கு முதலில். மாற்றிப் போட்டால் அகலாங்கு 101 ஆகிவிடும். பூமியில் அகலாங்கு 90க்கு மேல் கிடையாது. என் எல்பில் தோட்டம் வரைபடத்தின் உச்சியில், வட துருவத்து ஓரமாகப் போய் நின்றது. திரை வெறும் சாம்பலாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

3. வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள்

நான் எடுத்தது லீஃப்லெட். இலவசம், கணக்குத் திறக்க வேண்டாம், கடன் அட்டை எண்ணும் கேட்காது. கூகுள் வரைபடத்தை உங்கள் பக்கத்துக்குள் நிரலால் ஆட்டிவைக்க ஏபிஐ சாவியும் (கூகுள் தரும் அனுமதிக் குறியீடு) கட்டணக் கணக்கும் வேண்டும். கோயில் பணத்தில் யார் அட்டையைக் கொடுப்பது என்ற பேச்சே எழ வேண்டாம் என்று விட்டுவிட்டேன். லீஃப்லெட்டில் 1.9.4 பதிப்பை எடுங்கள். 2.0க்கான முன்னோட்டப் பதிப்பு வந்திருக்கிறது, ஆனால் அதில் எழுதும் முறை மாறுகிறது. தேடினால் கிடைக்கும் உதாரணங்கள் பெரும்பாலும் பழைய முறையில்தான் இருக்கும்.

வரைபடப் பெட்டிக்கு உயரம் கொடுக்க மறக்காதீர்கள். உயரம் சொல்லாவிட்டால் அது பூஜ்யம்; பிழைச் செய்தியும் வராது, வரைபடமும் வராது. லீஃப்லெட்டின் சிஎஸ்எஸ் கோப்பைச் சேர்க்காவிட்டால் ஓடுகள் (வரைபடம் துண்டு துண்டாக வரும் சதுரப் படங்கள்) உடைந்த பீங்கான் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும்.

பின்னணிப் படத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஓடுகள். காசு இல்லை, ஆனால் நிபந்தனை உண்டு. மூலையில் அவர்களுக்கான நன்றி வரியை மறைக்கக்கூடாது. ஓடுகளை மொத்தமாக இறக்கி வைக்கவும் கூடாது. இன்னொன்று: கோப்பை இரண்டு முறை தட்டி நேரடியாகத் திறக்காதீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறோம் என்ற தகவல் போகாததால் ஓடு மறுக்கப்படலாம். உங்கள் அட்டவணைக் கோப்பைப் படிக்கவும் உலாவி மறுக்கும். ஒரு சின்ன உள்ளூர் சர்வர் வழியாகவோ, இணையத்தில் ஏற்றியோ பாருங்கள்.

படங்களைச் சுருக்குங்கள். கைப்பேசிப் படம் ஒன்று நான்கு எம்பி இருக்கும். 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் மண்டபத்து டிவிக்குத் தாராளம். புள்ளியின் மேல் திறக்கும் பாப்-அப் பெட்டியில் படத்தின் அகல உயரத்தை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பெட்டி திறந்த பிறகுதான் படம் வந்து இறங்கும், பெட்டி கோணலாக நிற்கும்.

4. சுற்ற வையுங்கள்

வேலையின் நெஞ்சு இதுதான், என் மூன்று வாரக் கடைசிகளில் இரண்டு இங்கேதான் போயின.

மார்க்கர்களை (புள்ளிகளைக் காட்டும் குறிகளை) எல்லாம் ஒரு வரிசையில் போடுங்கள். 'இப்போது எத்தனையாவது' என்று ஓர் எண் வைத்துக்கொள்ளுங்கள். கணினி 0இலிருந்து எண்ணும், ஆக 28 புள்ளிக்குக் கடைசி எண் 27. அடுத்ததற்குப் போகும்போது ஒன்றைக் கூட்டி 28ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 27க்குப் பின் 28 வரும், மீதி 0, மறுபடி முதல் கோயில். 28 என்று நேராக எழுதாமல் வரிசையின் நீளத்தையே கேளுங்கள். நாளைக்கு ஒருவர் வந்து "எங்க டிவிஷனை விட்டுட்டீங்களே" என்பார், கண்டிப்பாக வருவார்.

எல்லாரும் முதலில் செய்வது செட்-இன்டர்வல் என்ற கடிகாரத்தை வைத்து, ஐந்து நொடிக்கு ஒரு தரம், அடுத்த புள்ளிக்கு வரைபடத்தைப் பறக்கவிடும் ஃப்ளை-டூ கட்டளையைக் கொடுப்பது. வீட்டில் நன்றாக ஓடும். மண்டபத்தில் கைப்பேசி டேட்டாவில் ஓடு வந்து சேரும் முன்னாலேயே அடுத்த பயணம் தொடங்கிவிடும். பாப்-அப் நடுவானில் திறக்கும். கடிகாரத்துக்கு வரைபடம் எங்கே இருக்கிறது என்று தெரியாது, அதுதான் கோளாறு. கடிகாரத்தை நம்பாதீர்கள், போய்ச் சேர்ந்ததை நம்புங்கள்.

ஃப்ளை-டூ கிளம்பட்டும். பயணம் முடிந்ததும் லீஃப்லெட் மூவ்எண்ட் என்று ஒரு சேதி எழுப்பும். அந்தச் சேதி வந்த பிறகு பாப்-அப்பைத் திறங்கள். திறந்த பிறகு செட்-டைம்அவுட் மூலம் ஒரே ஒரு முறை காத்திருந்து, மறுபடி இதே வேலையைக் கூப்பிடுங்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. தோட்டத்தில் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடியாமல் யாரும் பால்வெட்டக் கிளம்பமாட்டார்கள் அல்லவா, அதே ஒழுங்கு.

இதில் என் தலைமுடி கொட்டிய இடங்கள்:

ஃப்ளை-டூவில் பயண நேரத்தை நொடியில் சொல்ல வேண்டும். செட்-டைம்அவுட்டில் மில்லிநொடியில். நான் இரண்டிலும் 2000 என்று எழுதினேன். பயணம் 2000 நொடி, அதாவது 33 நிமிடம் 20 நொடி. வரைபடம் நத்தை போல ஊர்ந்ததைப் பார்த்து டிவி பெட்டி (டிவியில் செருகும் சின்னக் கணினி) பழுது என்று நினைத்து மூன்று தரம் அணைத்துப் போட்டேன். பயணத்துக்கு 2 என்று எழுதுங்கள்.

ஃப்ளை-டூ, ஓப்பன்-பாப்அப் போன்ற கட்டளைகளில் நடுவில் ஒரு பெரிய எழுத்து வரும். மூவ்எண்ட் மட்டும் முழுக்கச் சின்ன எழுத்து. அதிலும் பெரிய எழுத்தைப் போட்டால் எந்தப் பிழையும் காட்டாது. சேதிக்காகக் காத்துக்கொண்டே நிற்கும்.

பாப்-அப் திரைக்குள் அடங்காவிட்டால் அது வரைபடத்தைத் தானே கொஞ்சம் தள்ளும். அந்தத் தள்ளலும் ஒரு மூவ்எண்ட். நீங்கள் ஆன் என்ற கட்டளையால் காதுகொடுத்திருந்தால் உங்கள் வேலை இரண்டு முறை நடக்கும், அப்புறம் நான்கு முறை. ஒன்ஸ் என்பதைப் போடுங்கள், ஒரு முறை கேட்டுவிட்டு விலகிவிடும். தானாகத் தள்ளும் ஆட்டோபேன் வசதியையும் அணையுங்கள். அணைத்தால் உயரமான பெட்டியின் தலை வெட்டுப்படும். அதற்கு, மார்க்கர் இருக்கும் இடத்துக்கே போகாமல் கொஞ்சம் வடக்கே போங்கள். ஜூம் 15இல் அகலாங்கோடு 0.006 கூட்டினேன். மார்க்கர் திரையின் நடுவிலிருந்து சுமார் 140 பிக்சல் கீழே இறங்கியது, படத்துக்கு மேலே இடம் கிடைத்தது.

நெருங்கிய மார்க்கர்களைக் கொத்தாகச் சேர்க்கும் மார்க்கர்கிளஸ்டர் நீட்சியைப் போட்டிருந்தால், கொத்துக்குள் ஒளிந்திருக்கும் மார்க்கருக்குப் பாப்-அப் திறக்காது. அதற்கென்று ஜூம்-டூ-ஷோ-லேயர் என்ற கட்டளை உண்டு. 28 புள்ளிக்குக் கொத்தே தேவையில்லை என்பது என் எண்ணம்.

5. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்

முதலில் ஆறு நொடி வைத்தேன். எனக்குப் போதுமாக இருந்தது, ஏனென்றால் எழுதியதே நான்தான். ஒத்திகை நாளில் ஓர் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பேத்திக்கு உரக்கப் படித்துக்காட்டினார். "லயத்துக்குப் பின்னால... முனீஸ்வரர்..." அதற்குள் வரைபடம் அடுத்த தோட்டத்துக்குப் பறந்துவிட்டது. "ஏம்பா, படிக்க விடாதா இது?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த முனீஸ்வரர் கோயில் எந்தப் பக்கம் இருந்தது என்று கையைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார், அதுவும் பாதியில் நின்றது.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு விளக்கத்தையும் வாய்விட்டு மெதுவாகப் படித்து நேரம் எடுத்தேன். அதோடு நான்கு நொடி கூட்டினேன், படத்தைப் பார்த்து "அட, இது நம்ம..." என்று சொல்ல. அட்டவணையில் 'நேரம்' பத்தி அதற்குத்தான். ஒவ்வொரு மார்க்கரும் தன் நேரத்தைத் தானே சொல்லும். சராசரி 14 நொடி வந்தது. பயணத்துக்கு இரண்டு நொடி சேர்த்தால் 28 புள்ளிக்கு ஒரு சுற்று 448 நொடி, அதாவது ஏழரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சாப்பாட்டு வரிசையில் நிற்கிறவர் ஒரு முழுச் சுற்றைப் பார்த்துவிடலாம். ஒரு சுற்று பத்து நிமிடத்துக்கு மேல் போனால் புள்ளிகளைக் குறையுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள்.

6. கை பட்டால் நிற்கட்டும்

டிவியில் மட்டும் ஓடினால் இது வேண்டாம். நாங்கள் அதே பக்கத்தை இணையத்திலும் போட்டோம். கைப்பேசியில் பார்க்கிறவர் வரைபடத்தைப் பிடித்து இழுக்கும்போது அது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால் கோபம்தான் வரும். ஐந்து நொடிக்கு மேல் தானாக அசையும் எதற்கும் நிறுத்தும் வழி இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறையே சொல்கிறது. மூலையில் பெரிதாக ஒரு 'நிறுத்து' பொத்தான் வையுங்கள்.

தொட்டால் நிற்க வைக்க, மூவ்ஸ்டார்ட், ஜூம்ஸ்டார்ட் சேதிகளைக் கேட்காதீர்கள். ஃப்ளை-டூவும் அதே சேதிகளைத்தான் எழுப்பும்; வரைபடம் தன் பயணத்தைப் பார்த்துத் தானே பயந்து நின்றுவிடும். வரைபடப் பெட்டியின் மேல் விரல் படுவதையும் மவுஸ் சக்கரம் உருள்வதையும் கேளுங்கள். நிறுத்தும்போது இரண்டு காரியம்: காத்திருக்கும் டைம்அவுட்டை ரத்து செய்யுங்கள், காத்திருக்கும் ஒன்ஸையும் விலக்குங்கள். இரண்டாவதை விட்டால், பார்க்கிறவர் இழுத்து முடித்த கணமே அந்தச் சேதி வந்து ஓட்டம் மறுபடி தொடங்கிவிடும். டைம்அவுட் எண்ணை எப்போதும் ஒரே மாறியில் வைத்து, புதிது தொடங்கும் முன் பழையதை ரத்து செய்வது பழக்கமாகட்டும். இல்லாவிட்டால் மறுபடி தொடங்கவைக்கும் 'ஓடு' பொத்தானை இரண்டு தரம் தட்டியவருக்கு வரைபடம் இரட்டை வேகத்தில் ஓடும்.

முப்பது நொடி யாரும் தொடாவிட்டால் மறுபடி ஓடட்டும். யாராவது ஒரு மார்க்கரைத் தட்டிப் பார்த்திருந்தால் அதன் எண்ணிலிருந்தே தொடரட்டும். கைப்பேசியில் அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டிருப்பவர்களுக்குப் பறக்க வேண்டாம், நேராகப் புள்ளிக்குத் தாவினால் போதும். சிலருக்குத் தலை சுற்றும்.

7. மண்டபத்தில் ஏற்றுங்கள்

டிவி பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லாமல் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே ஏற்றிவிடுங்கள். திரை தூங்கும் நேரம், திரைக்காப்பு இரண்டையும் அணையுங்கள். வரைபடம் ஓடும் தாவல்தான் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் உலாவி கடிகாரத்தை மெதுவாக்கும், அசைவை நிறுத்தியே விடும். பயணம் முடியாது, மூவ்எண்ட் வராது, சங்கிலி அங்கேயே நிற்கும். தாவல் திரும்பத் தெரியும்போது எழும் விசிபிலிட்டி-சேஞ்ச் சேதியைக் கேட்டு ஓட்டத்தைப் புதிதாகத் தொடங்குங்கள்.

மண்டபத்தில் இணையம் இல்லாததால் என் கைப்பேசி டேட்டாவில்தான் ஓட்டினேன். முதல் சுற்றில் ஓடுகள் இறங்கும், அடுத்த சுற்றுகளில் பெரும்பாலும் உலாவி சேமித்ததே வரும். கூட்டம் வரும் முன் ஒரு முழுச் சுற்றை ஓடவிடுங்கள்.

8. செலவும் நாளும்

பக்கத்தை, இணையப் பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் வைத்தேன், செலவு இல்லை. சொந்த இணைய முகவரி வேண்டாம் என்று விட்டோம். எச்டிஎம்ஐ கம்பி 18 வெள்ளி (ரிங்கிட்), மோட்டாருக்கு எண்ணெய் 20 வெள்ளி, நகல் எடுத்தது 3 வெள்ளி. டிவி பெட்டி இரவல். மொத்தம் 41 வெள்ளி, தே தாரிக் (டீ) கணக்கைச் சேர்க்காமல்.

நாள் கணக்குதான் ஏமாற்றும். அனுமதிக் கடிதத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். புள்ளி எடுக்க இரண்டு காலைப் பொழுது. மதிய மழைக்கு முன் முடித்துவிடுங்கள். படங்களைச் சேர்ப்பது இழுக்கும், ஏனென்றால் ஆல்பம் எப்போதும் ஈப்போவில் இருக்கும் அக்கா வீட்டில் இருக்கும். நிரல் எழுத ஒரு வாரக் கடைசி. திருவிழாவுக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். கடைசி வாரம் முழுக்க ஒத்திகைக்கு.

திருவிழா அன்று காலை ஒலிபெருக்கி கட்ட வந்தவர் எங்கள் பிளக்கைப் பிடுங்கித் தன்னுடையதைச் செருகினார். டிவி பெட்டி மறுபடி உயிர் பெற்றபோது வரைபடம் இல்லை, பெட்டியின் முகப்புதான் நின்றது. கவனித்தது மதியம் அன்னதானத்தின்போது. பெட்டி தொடங்கியதும் உலாவி தானாகத் திறக்கும்படி அமைத்துவிடுங்கள். பிளக்கின் மேல் ஒட்டுநாடா போட்டு, தமிழில் "பிடுங்க வேண்டாம்" என்றும் மலாயில் "ஜாங்ஙான் சாபுட்" என்றும் எழுதி ஒட்டுங்கள்.